தேர்ச்சி நூறு, இடைநிற்றல் பூஜ்யம்: மேலிடத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

அனுப்புநர்
பொறுப்புத் தலைமையாசிரியர் (கணிதப் பட்டதாரி ஆசிரியர் வேலையையும் பார்த்துக்கொண்டே),
அரசு உயர்நிலைப் பள்ளி,
டவுன் பஸ் திரும்பிப் போகும் ஊர்.

பெறுநர்
பணி இலக்குகளை நிர்ணயிக்கும் மேலிடம்,
ஏதோ ஒரு மாடி.

பொருள்: பள்ளிக் கல்வி – பள்ளிப் பணியாளர்களுக்கு ஆண்டு இலக்கு நிர்ணயித்தல் – கேட்கப்பட்ட விளக்கம் அளித்தல் – கேட்கப்படாததையும் சேர்த்து அளித்தல் – சார்பு.

பார்வை: 1. தங்கள் சுற்றறிக்கை, நேற்று காலை. 2. அதைத் திருத்திய சுற்றறிக்கை, நேற்று மாலை. 3. இரண்டையும் கண்டுகொள்ள வேண்டாம் என்று வாட்ஸாப் குழுவில் வந்த குரல் பதிவு, நேற்று இரவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பார்வையில் காணும் சுற்றறிக்கையின்படி, எங்கள் பள்ளியின் ஆசிரியர், ஆசிரியரல்லாதோர் அனைவருக்கும் நடப்புக் கல்வியாண்டுக்கான இலக்குகளை வகுத்து, உரிய படிவத்தில், இன்று மாலை நான்கு மணிக்குள் பதிவேற்றச் சொல்லியிருந்தீர்கள். இது ஜனவரி மாதம். நடப்புக் கல்வியாண்டு ஜூனில் தொடங்கி, அரையாண்டுத் தேர்வையும் முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. படிவம் என் கைக்கு வந்தபோது மணி மூன்று ஐம்பது. எட்டாம் வகுப்பில் முற்றொருமை நடத்திக்கொண்டிருந்தேன். ஏ கூட்டல் பி-யின் வர்க்கத்தைப் பாதி விரித்த நிலையில் சாக்பீஸை வைத்துவிட்டு ஓடினேன். நடு உறுப்பைப் பிள்ளைகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாமதம் அவர்களுடையது அல்ல என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

முதலில் என் இலக்கு: பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நூறு சதவீதத் தேர்ச்சி. போன வருடமும் இதுவேதான். அதில்தான் நான் தவறினேன் என்று விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள் 23 பேர். தேறியவர்கள் 22. தவறியவன் ஒருவன். 23-இல் ஒருவன் என்றால் 4.35 சதவீதம், ஆகத் தேர்ச்சி 95.65. நகரத்தில் 460 பேர் எழுதும் பள்ளிக்கு இதே சரிவு வர வேண்டுமென்றால் 20 பேர் தவற வேண்டும். எங்களுக்கு ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் போதும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் சதவீதம் தாறுமாறாகக் குதிக்கும் என்று வகுப்பில் சொன்னால் அது பாடம். ஆய்வுக் கூட்டத்தில் சொன்னால் சாக்கு. அந்தக் கூட்டத்தில் திரையில் பள்ளிகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடின. சிவப்புப் பள்ளிக்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் பள்ளியில் எழுதியதே ஒன்பது பேர்; அவருக்கு ஒருவன் தவறினால் 11 சதவீதம் போச்சு. என்னைவிட அவர் சிவப்பு. உட்காரச் சொன்னபோதும் அவர் உட்காரவில்லை, அடுத்த வருடத்துக்கும் சேர்த்து நின்றுவிடலாம் என்று நினைத்திருப்பார்.

கூட்டம் முடிந்ததும் ஓர் உத்தரவு. தேர்ச்சி குறைந்த பாட ஆசிரியரிடம் தலைமையாசிரியர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் பெற்று, மேலொப்பமிட்டு அனுப்ப வேண்டும். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் பணியிடம் காலி. பொறுப்பு நான். கணிதமும் நான். எனவே பொறுப்புத் தலைமையாசிரியராகிய நான், கணித ஆசிரியராகிய என்னிடம், தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு மெமோ கொடுத்தேன். ஆசிரியர் மெமோவை வாங்க மறுத்தார். சுவரில் ஒட்டிவிடுவேன் என்றதும் வாங்கிக்கொண்டார். மூன்று நாள் அவகாசம் கொடுத்ததில் மூன்றாம் நாள் மாலைவரை இழுத்தடித்தார். ஒருவழியாகத் தந்த விளக்கத்தில், தலைமையாசிரியர் தம்மை ஓயாமல் கூட்டங்களுக்கு அனுப்பியதால் பாடவேளைகள் பறிபோயின என்று என் மீதே பழி போட்டிருந்தார். நான் அதை வன்மையாக மறுத்தேன். அந்தக் கூட்டங்களுக்குத் தலைமையாசிரியர் என்ற முறையில் போனது நான்; அவர் அந்த நேரத்தில் வகுப்பில் இருந்திருக்கலாமே? விளக்கம் ஏற்கத்தக்கதல்ல என்று குறிப்பெழுதி மேலொப்பமிட்டேன். நடவடிக்கை ஒழுங்கு விதி 17ஏ-வா, 17பி-யா என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

நிற்க.

படிவத்தின் அடுத்த வரியில் இன்னோர் இலக்கு இருக்கிறது: இடைநிற்றல் பூஜ்யம். நல்ல இலக்குதான், அதற்காக நாங்கள் வீடு வீடாகப் போகிறோம். செங்கல் சூளைக்குப் போனவனை அழைத்து வந்து உட்கார வைத்தால் இரண்டு நாள் இருக்கிறான், மூன்றாம் நாள் சூளையில் இருக்கிறான். இப்போது கணக்கைப் பாருங்கள். அவன் பெயரை நீக்கினால் இடைநிற்றல் இலக்கு உடைகிறது. நீக்காமல் வைத்திருந்தால் பரீட்சை நாளில் அவன் வராமல் தேர்ச்சி இலக்கு உடைகிறது. இரண்டையும் ஒரே படிவத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கையெழுத்துக்காக வைத்திருக்கிறீர்கள். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வரவில்லை என்றதும் மாநிலமே திகைத்தது நினைவிருக்கும். நெடுநாளாகப் பள்ளிக்கே வராத பிள்ளைகளின் பெயர்களும் பெயர்ப்பட்டியலில் இருந்தது ஒரு காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் எவருக்கும் அதில் திகைப்பு இல்லை. அந்தப் பெயர்கள் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு ஓர் இலக்கு காரணம், அவை ஆப்சென்டாக எண்ணப்பட்டதற்கு இன்னோர் இலக்கு காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பின் கடைசியில் பெற்றோரை அழைத்து, காபி கொடுத்து, ‘பையனுக்குப் படிப்பு கொஞ்சம் மெதுவாத்தான் வருது. டி.சி. வாங்கிட்டுப் போய் டுட்டோரியல்ல சேத்துடுங்க, தனித்தேர்வரா எழுதட்டும், அவனுக்கும் நல்லது’ என்று அன்பாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பள்ளி வாசலில் மே மாதம் ‘சென்டம்’ என்று ஃபிளெக்ஸ் நிற்கும். வேறு பள்ளிக்குப் போய்விட்டான் என்று டி.சி. சொல்வதால் இடைநிற்றலும் பூஜ்யம். இரண்டு இலக்கும் ஒரே கல்லில்.

இதெல்லாம் தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற அமைச்சர் இதையே ரொக்கமாகச் செய்தார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒன்றுக்குத் தேர்வின் பேரில் 8 ஷில்லிங் மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எதில் தவறினாலும் பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிவு. திட்டம் பலன் தராவிட்டால் செலவாவது குறையும் என்று நாடாளுமன்றத்தில் உறுதியும் கொடுத்தார். எவ்வளவு நேர்மையான மனிதர் பாருங்கள். வாத்தியார்கள் வாசகப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கிவிட்டு ஆய்வாளருக்காகக் காத்திருந்தார்கள். கவிஞர் மேத்யூ அர்னால்ட் அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். இது பள்ளிகளின் உயிரையே எடுத்துவிடுகிறது என்று எழுதித் தள்ளினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே அதைக் கைவிட்டார்கள். அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் தேர்வு முடிவைப் பார்த்துப் பணம் கொடுக்கும் மானியம் இருந்தது; நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் பலர் அந்தக் காசுக்காக ஆய்வாளர் முன் கைகட்டி நின்றிருக்கிறார்கள். ஆக, நான் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்றது ஒன்றும் தனிமனித அவமானம் அல்ல. பரம்பரைப் பழக்கம்.

அமெரிக்காவின் அட்லாண்டாவில் அடுத்த கட்டத்துக்கே போய்விட்டார்கள். பள்ளிக்குப் பள்ளி மதிப்பெண் இலக்கு, எட்டாத தலைமையாசிரியருக்கு வேலை போகும் பயம். பிள்ளைகள் எழுதிய தவறான விடைகளைப் பெரியவர்கள் அழித்துத் திருத்தினார்கள். 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைச் சுட்டிக்காட்டியது. 2015-இல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை தாங்கிய பெவர்லி ஹாலுக்கு 2009-இல் அந்நாட்டின் சிறந்த பள்ளிக் கண்காணிப்பாளர் விருது கொடுத்திருந்தார்கள். இலக்கை எட்டியிருந்தாரே, கொடுக்காமல் என்ன செய்வார்கள்! இங்கிலாந்துக்காரர்களுக்கு லோவின் பாடம் மறந்துபோய், 2013-இல் மறுபடி ஆசிரியர் சம்பள உயர்வைப் பணி மதிப்பீட்டோடு முடிச்சுப் போட்டார்கள். 2024-இல் அந்தக் கட்டாயத்தை அவிழ்த்தும் விட்டார்கள்.

இப்போது என் வகுப்புக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். ஜூனில் ஏழிலிருந்து பன்னிரண்டைக் கழி என்றால் ஐந்து என்று எழுதுவான். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க முடியும் என்று மூன்றாம் வகுப்பில் அவன் கற்றது அப்படியே நெஞ்சில் நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்புக்கு அது சரியும்கூட. எண்கோடு போட்டேன், மாடிப்படி வரைந்தேன், ஒன்றும் எடுபடவில்லை. அவன் அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

“ஏழு ரூபாதான் கையிலே வச்சிருக்கிற ஆளு உங்க கடையிலே பன்னெண்டு ரூபாய்க்குச் சாமான் எடுத்தா?”

“அஞ்சு ரூபா பாக்கி சார்.”

“அந்த அஞ்சை நோட்டுல எங்க எழுதுவீங்க?”

“வரவுல எழுத மாட்டோம் சார். அம்மா எதிர்ப் பக்கத்துல எழுதும்.”

எழுதிக் காட்டினான். அதற்குப் பிறகு அந்தக் குறி அவனுக்குத் தப்பவே இல்லை. குறை எண்ணைக் கழிக்கச் சொன்னால் இன்னும் தடுமாறுகிறான். பாக்கியைத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும் என்று அவனே யோசித்துக்கொண்டிருக்கிறான், அதற்குள் புகுந்து நான் கெடுக்கவில்லை. காலாண்டில் 9 வாங்கியவன் அரையாண்டில் 28. தங்கள் படிவத்தில் 28 எங்கே போய் விழும்? ‘தேர்ச்சி இல்லை’ என்ற கட்டத்தில். 9-உம் அதே கட்டம். இந்தப் பையனோடு நான் செலவழித்த ஆறு மாதமும் தங்கள் கணக்கில் பூஜ்யம்.

ஆனால் தாங்கள் கவலைப்பட வேண்டாம். அடுத்த வருடம் அவனைத் தேற வைக்க வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில் ஜியோமெட்ரி எட்டு, கிராப் எட்டு, ஆக 16 மதிப்பெண் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் படிப்படியாக மனப்பாடம்; கிராப்பில் மாறல் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குறை எண் பக்கமே போக வேண்டாம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பாடப் பின்பக்கத்தை உருப்போட்டால் பெருவாரி கிடைக்கும். இரண்டு மதிப்பெண் வினாக்களில் சுலபமானவை நாலைந்து. 35 தாண்டிவிடும். மெல்ல மலரும் மாணவர்களுக்கான மினிமம் மெட்டீரியல் என்று இதற்கு அழகான பெயரும் உண்டு. ஏழிலிருந்து பன்னிரண்டு போனால் என்ன என்று தெரியாமலேயே கணிதத்தில் தேர்ச்சி பெற்றுவிடலாம். கழித்தல் சொல்லிக்கொடுத்தால் சிவப்பு, கழித்தலைத் தவிர்த்தால் பச்சை.

இனி மற்றப் பணியாளர்கள். எல்லோருக்கும் ஒரே படிவம் என்பதால் எல்லோருக்கும் ‘கற்றல் விளைவு மேம்பாடு’ என்ற பத்தி இருக்கிறது. இரவுக் காவலர் பணியிடம் காலி. காலிப் பணியிடத்துக்கும் இலக்கு கட்டாயம் என்று படிவம் அடம்பிடித்து, அடுத்த பக்கத்துக்கே போகவில்லை. எனவே ‘திருட்டு பூஜ்யம்’ என்று நிரப்பியிருக்கிறேன். போன வருடம் தண்ணீர் மோட்டார் களவு போனதை அந்தக் காலிப் பணியிடத்தின் பணித்திறன் குறைபாடாகக் காட்டியிருக்கிறேன், மெமோவை நாற்காலியின் மேல் வைத்திருக்கிறேன். ஆய்வக உதவியாளர் எமிஸ் இணையதளப் பதிவைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறார், ஆய்வகம் பூட்டியே கிடப்பதால் அங்கே விபத்து பூஜ்யம், இது ஒன்றுதான் இவ்வருடம் முழுமையாக எட்டிய இலக்கு. ஓவியத்துக்கு வருபவர் பகுதிநேர ஆசிரியர். 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரைநாளுக்கு என்று எடுத்த 16,549 பேரில் ஒருவர். அவருக்குத் தாங்கள் முன்கூட்டியே நிரப்பி அனுப்பியிருந்த இலக்கு ‘முழு ஈடுபாடு’. அரைநாளுக்குள் எப்படி முழுதாக ஈடுபடுவது என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

தூய்மைப் பணியாளர் அக்காவின் படிவத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை. காரணம், அவருக்கும் எனக்கும் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. புது மோட்டார் வந்த அன்று அலுவலக வாசலில் நின்றபடியே அவர் சொன்னது:

“சார், எட்டரைக்குள்ள நீங்க மோட்டாரைப் போட்டுருங்க. ஒம்பதுக்குள்ள பொம்பளப் பிள்ளைங்க கக்கூசைக் கழுவி, தொட்டியையும் நெரப்பி வச்சிருவேன். மோட்டாரு போடலேன்னா என்னையக் கேக்கப்படாது.”

“சரிக்கா. பினாயில் எத்தனை வேணும்?”

“மாசத்துக்கு நாலு. போன மாசம் ரெண்டுதான் குடுத்தீங்க, ரெண்டுக்கு உண்டானதைத்தான் கழுவுனேன்.”

இவ்வளவுதான் பேச்சு. சாவியை நான் வாங்கிக்கொண்டேன். பஸ் தாமதமாகி நான் எட்டே முக்காலுக்கு வந்த ஒரு நாளில், தொட்டி நிரம்பாததற்குக் காரணம் யார் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் என்னைத்தான் முறைத்தார்கள். தங்கள் பயிற்சியில் இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து தகுதிகளைத் திரையில் காட்டினீர்கள்: குறிப்பாக, அளக்கும்படி, எட்டும்படி, பொருத்தமாக, காலவரம்போடு. அந்தப் பட்டியலை 1981-இல் அமெரிக்க நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் எழுதியவர் ஜார்ஜ் டோரன். அவர் எழுதிய ஐந்தில் ‘எந்த வேலையை யார் செய்வது’ என்பதும் ஒன்று. ஒவ்வோர் இலக்குக்கும் ஐந்தும் இருந்தே தீர வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவும் இல்லை. கைமாறிக் கைமாறி எங்கள் வட்டார வள மையத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த ‘யார்’ எங்கேயோ விழுந்துவிட்டது. தூய்மைப் பணியாளர் அக்கா பயிற்சிக்கு வரவில்லை. அதனால் அவரிடம் அது பத்திரமாக இருக்கிறது. கழுவுவது அவர், மோட்டார் நான், பினாயில் பள்ளி.

ஆகவே என் இலக்கை நானே இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், ஏற்றுக்கொள்ளக் கோருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் குறை எண்களைக் கூட்டவும் கழிக்கவும் தெரியாதவர்கள் ஆறு பேர். அவர்களில் யாருக்கு எது வராது என்று பெயர்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு பாடவேளை தனியாக எடுத்து, ஏப்ரலுக்குள் ஆறு பேரையும் கரையேற்றுகிறேன். கரையேறினார்களா என்று யார் வேண்டுமானாலும் வந்து, ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம், படிவம் தேவைப்படாது. இது என் பங்கு.

தங்கள் பங்கு: அந்த இரண்டு பாடவேளைகளில் என்னைக் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது, எதையும் பதிவேற்றச் சொல்லக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. கூகுள் ஷீட் அந்த மூன்றில் எதில் அடங்கும் என்று விளக்கம் அளிக்க வேண்டும். தலைமையாசிரியர் பணியிடத்தை ஜூனுக்குள் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் நான் எனக்கு மெமோ கொடுப்பது நிற்காது. நான்கு மணிக்கு வேண்டியதை மூன்று ஐம்பதுக்குக் கேட்கக் கூடாது. 30 பேருக்குக் குறைவாக எழுதும் பள்ளிகளுக்குச் சதவீதம் போடாமல் தலையை எண்ண வேண்டும். ‘ஒருவன் தவறினான், அவன் யார், என்ன ஆனான்’ என்று கேட்டால் பதில் சொல்ல நான் தயார். அவனை எனக்குத் தெரியும், இப்போது தனித்தேர்வராகப் பொதுத்தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

மேற்கண்டவற்றைத் தாங்கள் எட்டினீர்களா என்று பார்க்க ஏப்ரல் கடைசியில் ஆய்வுக் கூட்டம் வைக்க உத்தேசித்திருக்கிறோம். இடம், எங்கள் பள்ளி ஸ்மார்ட் வகுப்பறை. புரொஜெக்டர் பழுது என்பதால் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் கலர் சாக்பீஸால் கரும்பலகையில்தான் காட்ட முடியும். தாங்கள் எழுந்து நிற்கத் தேவையில்லை, பெஞ்சு இருக்கிறது. கடைசி டவுன் பஸ் ஐந்து பத்துக்கு. அதற்குள் விளக்கத்தை எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) கணித ஆசிரியர்

இணைப்பு: படிவம், நிரப்பப்படாதது, ஒன்று.

மேலொப்பம்: பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது. கணித ஆசிரியருக்கும் எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.
(ஒப்பம்) பொறுப்புத் தலைமையாசிரியர்